என் தம்பி மலையைச் சுற்றிப் போட்ட கோடு

திருவண்ணாமலைக்கு நான் சாமி கும்பிடப் போகவில்லை. தம்பியைத் திட்டி ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி மாதம். ஈப்போவில் அம்மா என் பெட்டிக்குள் நெத்திலி சம்பால் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி வைத்துவிட்டு, "அவன் படிச்ச படிப்புதான் அவன இப்படி ஆக்கிருச்சு. கணக்குப் போட்டுப் போட்டு மண்டை காஞ்சு போச்சு" என்றார்.

குணா எண்பத்தொன்பதில் தமிழ்நாட்டுக்கு வந்து சிவில் இஞ்சினியரிங் படித்தவன். படிப்பு முடிந்து ஈப்போ திரும்பி, நான் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்திலேயே எட்டு வருஷம் இருந்தான். அவன் காட்டிலும் மேட்டிலும் அளந்து கொண்டுவரும் எண்களை நான் காகிதத்தில் கோடாக்குவேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாத விடுப்பில் மலை சுற்றப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. கடைசியாக வந்த கடிதத்தில், ஜனங்கள் மலையைத் தப்பான வழியில் சுற்றுகிறார்கள் என்றும், பழைய வழி எது என்று தான் அளந்து கண்டுபிடித்துவிட்டதாகவும், ஒரு குழுவில் சேர்ந்து அதை மீட்கப் போவதாகவும் எழுதியிருந்தான். அம்மா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். மூன்றாம் நாளே டிக்கெட் போட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மலை தெரியவில்லை. மேகம் இறங்கி அதை முழுதாக மூடியிருந்தது. ஊர் மட்டும் ஒன்றுமில்லாத ஒரு வெளுப்பைச் சுற்றிக் கடை விரித்து உட்கார்ந்திருந்தது. விமானத்தில் தூங்காத கண்ணுக்கு அது கனவில் வந்த ஊராகவே பட்டது.

செங்கம் ரோட்டில் அறை. ஆட்டோ பாதி வழியில் இருமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் சேகர் பதறவில்லை. இறங்கி வந்து, "கொஞ்சம் எறங்கிக்கறீங்களாம்மா" என்று என்னை இறக்கிவிட்டு, ஆட்டோவை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்துக் குலுக்கினார். டாங்க் மூலையில் ஒதுங்கிக் கிடந்த பெட்ரோல் இறங்கியது. வண்டி கிளம்பிவிட்டது.

"நீங்க சிலோனாம்மா?"

"மலேசியா."

"தமிழ் நல்லாத்தான் பேசுறீங்க" என்று பாராட்டினார். பெற்ற தாய் பேசின பாஷைக்குப் பாராட்டு வாங்க இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தனக்குக் கீழ்பென்னாத்தூர் என்றும், பி.ஏ. ஹிஸ்டரி என்றும் சொன்னார். "எந்த சண்டைக்கும் ரெண்டு பக்கம் இருக்குதுன்னு தெரிஞ்சவன்மா நானு. அதனாலதான் வேல கெடைக்கல."

சாயங்காலம் குணாவின் அறைக்குப் போனேன். கன்னம் ஒட்டி, பாதம் வெடித்துப் போயிருந்தான். ஆனால் முகத்தில் பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கின அன்று இருந்த அதே தெளிவு. "அக்கா, செருப்ப வெளிய விடு" என்பதுதான் நான்கு வருஷத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை. சம்பால் பாட்டிலைப் பார்த்ததும், "நான் மீனெல்லாம் விட்டுட்டேனே, இத உள்ள வைக்க முடியாது" என்றான். அம்மா மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று கிண்டினது. வெளியே காத்திருந்த சேகரிடம் கொடுத்துவிட்டு, திட்டுவதற்காகத் திரும்பி வந்தேன்.

திட்ட முடியவில்லை. சுவர் முழுக்க அவன் வரைபடம். மலையின் ஒவ்வொரு மடிப்பும் ஓடையும் மெல்லிய கறுப்பில், எட்டு லிங்கங்களும் பழைய மண்டபங்களும் குளங்களும் பொட்டுப் பொட்டாக, அத்தனையையும் கோத்துக்கொண்டு ஒரே ஒரு சிவப்புக் கோடு. இருபத்தைந்து வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு அழகான வரைபடத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆதி அண்ணாமலை தாண்டின வளைவில் சிவப்புக் கோடு ஒரு சின்னச் சதுரத்தின் மேல் ஏறிப் போனது. இது என்ன என்று கேட்டேன்.

"ஒரு சமாதி. பக்கிரி ஒருத்தரோடது. நாளன்னிக்கு எடுத்துடுவாங்க."

"எடுக்கிறதுன்னா?"

"இடிக்கிறது" என்று கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பௌர்ணமிக்கு முன்னாடி பாத திறந்தாகணும்னு குழுவுல முடிவு. அதுக்காக யார் மேலயும் கோவம் கெடையாது அக்கா. பாதையில இருக்குது, அவ்ளோதான்."

அம்மா சொன்னது சரிதானோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கோபம் இல்லாமல் இடிக்கப் போகிறான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே தூக்கம் கலைந்துவிட்டது. மயில் கத்துகிறது, ஆஸ்பத்திரியில் குழந்தை அழுகிற மாதிரி. அப்படியே எழுந்து நடக்க ஆரம்பித்தேன். மலையை வலப்புறம் வைத்து நடக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் ஈப்போவிலும் சுற்றிச் சுற்றி மலைதான், சுண்ணாம்புக் கல் மலை. நாங்கள் அதன் குகைக்குள் கோயில் கட்டுவோம், மறுபக்கம் சிமெண்டுக்காக உடைப்போம். எந்த மலையையும் யாரும் சுற்றி நடந்ததில்லை.

நடக்க நடக்க மேகம் கரைந்து மலை வெளியே வந்தது. முதலில் ஒற்றைச் சிகரம். கொஞ்ச தூரம் போனால் இரண்டு. ஒரு திருப்பத்தில் படுத்திருக்கிறது, அடுத்த திருப்பத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நான் நடக்கிறேனா, நான் நிற்க மலை மெல்லத் திரும்பிக்கொள்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஈரப் புல்லின் வாசனை, தூரத்தில் ஒரு மணி, முன்னால் வெள்ளை வேட்டியில் யாரோ ஒருவர், எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவருக்கும் எனக்கும் நடுவில் அதே தூரம். வீடு, வேலை, அம்மா, வந்த காரியம், ஒன்றும் நினைவில் இல்லை. குணா ஏன் திரும்பவில்லை என்பது அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது.

வளைவில் அந்தச் சமாதி. இடுப்பளவுச் சுவர், உள்ளே பச்சைத் துணி போர்த்திய மேடு, மேலே ஒரு புங்க மரம். கிளையில் யார் யாரோ கட்டின மஞ்சள் கயிறுகள். ரோட்டின் எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகை, அதில் குழுவின் பலகை. சமாதிச் சுவரை ஒட்டி சைக்கிளில் டீ கேன் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பாஷா பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தச் சமாதிக்கு விளக்கு வைப்பவர்கள்.

டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் பாதி இனிப்பு. குணாவின் அக்கா என்று நான் சொல்லவில்லை. அவரே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி அளந்தப்போ பதினோரு நாளும் டேப்பு புடிச்சது நாந்தாம்மா. மொதல்ல குழுப் பசங்க புடிச்சானுங்க. ஒரு கையில செல்லு, ஒரு கையில டேப்பு. தொங்கிப் போயிடுது. தொங்கினா நீளம் ஜாஸ்தி காட்டும்னு தம்பி வருத்தப்பட்டாரு. நான் புடிக்கிறேன்னு வந்துட்டேன்."

"கோடு உங்க இடத்து மேலயே போகுதுன்னு அப்பத் தெரியலயா?"

"தெரிஞ்சுதே. தம்பி கணக்குப் போட்டுட்டு வந்து முளைக்குச்சி அடிச்சதே இங்கதான?" மேட்டின் தலைமாட்டைக் காட்டினார்.

"அப்புறமும் புடிச்சீங்களா?"

"அதுக்காக டேப்ப தள்ளிப் புடிக்க முடியுங்களாம்மா? அந்தப் பக்கம் நிக்கிறவரு என்ன நம்பித்தான நிக்கிறாரு" என்றார். பிறகு கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு வருவாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. துணிய மட்டும் முன்னாடியே எடுத்துடலாமான்னு பாக்கறேன். கடப்பாரையில மாட்டினா கிழிஞ்சிடும்" என்றார். நான் காசு கொடுக்க மறந்து, இருபதடி போன பிறகு ஓடி வந்து கொடுத்தேன்.

நான் தங்கியிருந்த விடுதியில் ஹன்னா என்று ஒரு டச்சுப் பெண். வாழைப்பழத் தோசை மாதிரி ஒன்றைத் தேன் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி கேட்பாள்: நீங்கள் என்ன படித்தீர்கள்? ஒரு மனிதன் படித்த பாடத்துக்கும், அவன் மதத்திலோ அரசியலிலோ வெறி பிடித்துப் போவதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்கிறாளாம். தன் பல்கலைக்கழகத்தில் பலரும் இஞ்சினியர்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு என்று நான்கு வருஷம் சொல்லிக்கொடுத்தால், மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்களாம்.

வாய் தவறித் தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "சிவில் இஞ்சினியரா?" என்று கண் விரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அவள் பென்சில் ஒரு கட்டத்தில் டிக் போட்டதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அம்மா சொன்னபோது ஆமோதித்த அதே விஷயத்தை இவள் எழுதும்போது தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து சேகர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கழுவித் துடைத்திருந்தார். "சூப்பரா இருந்துச்சும்மா, வூட்ல சண்ட" என்றார். ஹன்னா அவரையும் விடவில்லை. கொள்கைக்காகவோ தலைவருக்காகவோ தீவிரமாக ஏதாவது செய்திருக்கிறாரா என்று கேட்கச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

சேகர் ஹேண்டில் பிடிக்கிற கையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "காலேஜ் முடிச்ச வருசம், எங்க தலைவர உள்ள வெச்சுட்டாங்கன்னு மண்ணெண்ணெய ஊத்திக்கினேன். தேரடி தெருவுல. நல்ல மழ. பெட்டி நமுத்துப் போச்சு. அஞ்சு குச்சி ஒரசினேன், பத்தல. ஆறாவதுக்குள்ள எங்க அண்ணன் வந்து அறஞ்சு இட்டுனு போயிட்டாரு. இப்ப அந்தத் தலைவரு யாருன்னு எம் பொண்ணுக்குத் தெரியாது."

மொழிபெயர்த்தேன். ஹன்னா நோட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்தாள். "இவர் என்ன படித்தார்?" என்றாள். வரலாறு என்றேன். பென்சிலை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் மேலும் கீழும் கொண்டுபோனாள். எனக்கு அந்த நிமிஷம் அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

மத்தியானம் குணா தன் அளவைக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பூஜைக்குப் போனான். "பாரு அக்கா, ஒரு அடித்தல் கூட இருக்காது." உண்மைதான். இருநூற்றுச் சொச்சம் இடங்களில் திசைகாட்டி வைத்து, நாடா பிடித்து அளந்திருந்தான். படித்துக்கொண்டே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் மலையைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுக்கிறேன். ஆரம்பித்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்த இடம் நகர்ந்து போகிறது. விழித்தபோது கடைசிப் பக்கம் திறந்து கிடந்தது. அதில் பென்சிலில் எழுதி ரப்பரால் அழித்த ஓர் எண். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பத்தொன்பது.

எங்கள் தொழிலில் இது பாலபாடம். ஒரு இடத்தைச் சுற்றி அளந்துகொண்டு வந்தால், கோடு ஆரம்பித்த புள்ளியில் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு கவனமாக அளந்தாலும் சரியாகச் சேராது. கொஞ்சம் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை எல்லா இடங்களுக்கும் பகிர்ந்து கொடுத்துக் கோட்டைச் சேர்த்து வைப்போம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் பிழை எவ்வளவு என்று வரைபடத்தின் கீழ் மூலையில் எழுதியாக வேண்டும். அவன் வரைபடத்தின் மூலை வெறுமையாக இருந்தது.

கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். பகிர்ந்து கொடுப்பதற்கு முன்னால், அந்த வளைவில் கோடு தார் ரோட்டின் நடுவில் போகிறது. பகிர்ந்த பிறகு ஏழு மீட்டர் தள்ளி, சமாதியின் தலைமாட்டில் ஏறுகிறது.

குணா நெற்றி நிறைய விபூதியோடு வந்தான். குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினேன்.

"பதினாலு கிலோமீட்டருக்குப் பத்தொன்பது மீட்டர் ரொம்பக் கம்மி அக்கா" என்றான்.

"ரொம்பக் கம்மிதான். நம்ம ஆபீஸ்ல உனக்குக் கை குடுத்திருப்பாங்க. ஏன் எழுதல?"

"எழுதியிருந்தேன். எங்க குழு சார்தான் இது எதுக்கு, ஜனங்க கொழம்பிடுவாங்கன்னாரு."

"நீ அழிச்சுட்ட."

அவன் சுவரைப் பார்த்தான். "சரியான பாதன்னா ஒண்ணுதான அக்கா இருக்க முடியும்?"

"பாத ஒண்ணா இருக்கலாம். உன் கோடு ஒண்ணு இல்ல. அது பத்தொன்பது மீட்டர் அகலம். நடுவுல ஒரு மனுஷன் டீ வித்துக்கிட்டு நிக்கிறாரு. பதினோரு நாள் உனக்கு டேப் பிடிச்சவரு."

அவன் கண் கலங்கியதா என்று தெரியாது. எனக்குக் கலங்கியது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோடு சேராத நாட்களில் எனக்கும் சோறு இறங்காது. அந்த மூலையில் எண்ணை எழுதும்போது, எழுதாமல் விட்டால் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நானும் நினைத்திருக்கிறேன். அந்த ஆசை படிப்பு கொடுத்ததா, படிப்புக்கு முன்னாலேயே இருந்ததா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. பிழையை எழுது என்று சொன்னதும் அதே படிப்புதான்.

இருட்டுவதற்குள் சார் வந்துவிட்டார். மாசிலாமணி சார், குழுவின் தலைவர். தமிழ் எம்.ஏ., டியூட்டோரியலில் பாடம் எடுப்பவர். முரட்டு ஆளை எதிர்பார்த்தேன். வந்தவர் மெல்லிய குரலில் நலம் விசாரித்து, தன் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை அவித்துக் கொண்டுவந்திருந்ததை என் முன் வைத்தார். கடலை தித்தித்தது. நான் பத்தொன்பது மீட்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்குக் கணக்கு வராதுங்கம்மா. ப்ளஸ் டூவுலயே தட்டுத் தடுமாறித்தான் பாஸ் பண்ணேன். ஆனா இந்தக் கோட்டப் பாத்த அன்னிக்கு ஒக்காந்து அழுதுட்டேன். இத்தன ஜனமும் தப்பான வழியில நடக்குதேன்னு எனக்குத் தூக்கம் கெடையாது. கணக்கு ஒங்களோடது. கோடு எனக்குப் போதும்." சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல ஏழு மணிங்க குணா" என்றார்.

அவர் போன பிறகு குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து குணாவின் முன் வைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

காலையில் சேகரின் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான்கு கடப்பாரை. சிமெண்டுக் கடைக்காரர் ஒருவர், எட்டாவதோடு நின்றவராம். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த ஒருவர். மற்றவர்களை எனக்குத் தெரியாது. புங்க மரத்தில் கயிறுகள் அசைந்துகொண்டிருந்தன. மேட்டின் மேல் பச்சைத் துணி இல்லை. பாஷா பாய் அதை மடித்து சைக்கிள் கேரியரில் வைத்திருந்தார். டீ கேனிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

குணா நாடாவும் முளைக்குச்சிகளும் கொண்டு வந்தான். பின்னாலேயே ஒரு மாட்டு வண்டியில் சுண்ணாம்பு மூட்டைகள். முதலில் கோடு போட வேண்டும், பிறகு இடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் நாடாவை உருவி மறுமுனையை நீட்டினான். யாரும் வாங்கவில்லை, எல்லார் கையிலும் ஏதோ இருந்தது. பாஷா பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து அந்த முனையை வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் வந்துவிட்டார்.

"எங்க நிக்கட்டும் தம்பி?"

குணா அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மலையிலிருந்து ஒரு துண்டு மேகம் இறங்கி வந்து எங்கள் எல்லாரையும் லேசாக நனைத்துவிட்டுப் போயிற்று.

"சமாதிக்குப் பின்னாடி போங்க பாய். மலைப்பக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே அவன் எதிர்ப்பக்கம் பின்வாங்கி நடந்தான். ரோட்டைத் தாண்டினான். குழுவின் தகரக் கொட்டகையையும் தாண்டி நின்றான். "இழுத்துப் புடிங்க. பத்தொன்பது."

"பத்தொன்பது" என்று பாய் திருப்பிச் சொன்னார்.

சார் ஓடி வந்தார். "இன்னா பண்றீங்க குணா?"

"என் கோடு இவ்ளோ அகலம் சார். பழைய பாத இதுக்குள்ள எங்க வேணா போயிருக்கலாம். ரோட்டுல போயிருக்கலாம். இதோ, கொட்டகையில போயிருக்கலாம். இடிக்கறதுன்னா எல்லாத்தையும் இடிக்கணும். எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறத நான் எழுதல, அது என் தப்பு."

"கொட்டகைக்குத் தகரம் நாந்தானய்யா குடுத்தேன்" என்றார் சிமெண்டுக் கடைக்காரர், கவலையோடு.

"நீங்க படிச்சது இதுதானா?" என்று சார் கேட்டார். மெல்லிய குரல் உடைந்துவிட்டது.

"இதத்தான் சார் மொதல்ல படிச்சேன்."

ஒருவர் கடப்பாரையால் சுவரில் ஒரு இடி இடித்தார். மூலைக் கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. ஆனால் அடுத்த இடி வரவில்லை. ஆத்திரத்துக்கும் ஒல்லியாக ஒரு கோடு வேண்டும் போலிருக்கிறது; பத்தொன்பது மீட்டர் அகலத்துக்கு யாருக்கும் ஆத்திரம் வரவில்லை. குணா யாரையும் பார்க்காமல் சுண்ணாம்பை அள்ளி இரண்டு பக்கமும் கோடு போட ஆரம்பித்தான். சமாதிக்குப் பின்னால் ஒன்று, கொட்டகைக்குப் பின்னால் ஒன்று. நான் நாடா பிடித்தேன். வளைவு முழுக்க, ஒரு பர்லாங் தூரம். முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. கடப்பாரைக்காரர்கள் டிபன் சாப்பிடப் போய்விட்டார்கள். சார் மட்டும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். பாய் அவருக்கு ஒரு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி குணா என்னோடு இட்லி சாப்பிட்டான், எட்டு இட்லி. "டிக்கெட் போடு அக்கா, வர்றேன்" என்றான். ஈப்போவுக்கு போன் போட்டேன். அம்மா போனை வைத்துவிட்டு அழப் போய்விட்டார்.

மறுநாள் பௌர்ணமி. கிளம்புவதற்கு முன்னால் பாயிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மாலை நான்கு மணிக்கு இரண்டு பேரும் போனோம். மேகமே இல்லை. மலை கழுவித் துடைத்த மாதிரி நின்றது. கூட்டம் அதற்குள் ஆரம்பித்திருந்தது. எங்கிருந்து வருகிறார்கள், எங்கே முடிகிறது என்று தெரியாத கூட்டம், பேச்சில்லாமல், வெறுங்காலோடு, ஒரே வேகத்தில். அதற்குள் கலந்ததும் கால் தானாகப் போயிற்று. எனக்கு மறுபடியும் அந்த முதல் நாள் மயக்கம். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்றுகூடத் தோன்றியது.

வளைவுக்கு வந்தோம். முதலில் எனக்குப் புரியவில்லை. அதுவரை ரோட்டை நிறைத்து, ஓரத்து மண்ணிலும் புல்லிலும் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருந்த ஜனம், அந்த இடத்துக்கு வந்ததும் ஒழுங்காகி, இரண்டு வெள்ளைக் கோட்டுக்குள் அடங்கி நடந்தது. கோட்டுக்கு வெளியே ஓடின பிள்ளைகளைத் தாய்மார்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். "கோட்டுக்குள்ள நட" என்று ஒரு குரல். "இதான் பழைய பாதையாம், கண்டுபுடிச்சு கோடு போட்டிருக்காங்க" என்று இன்னொரு குரல். சமாதி கோட்டுக்குள் இருந்தது. ஆகவே சமாதிக்கும் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பாஷா பாய் என்ன செய்வது என்று தெரியாமல் டீ கேனுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

குணா கூட்டத்தை விட்டு விலகி, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. துண்டு போர்த்திய ஒரு பெரியவர் நின்று, அக்கறையோடு அவனைக் கூப்பிட்டார்.

"ஏங்க, படிச்சவரு மாதிரி இருக்கீங்க. கோட்டுக்கு வெளிய நின்னா பலன் இல்லன்னு தெரியாதுங்களா? உள்ள வாங்க."

குணா அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தான். ஈர மண்ணில் அது சீக்கிரம் போகவில்லை. நானும் பையை இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். ஓர் ஆள் நீளத்துக்கு அழித்திருப்போம். பின்னால் ஏதோ சலசலப்பு. திரும்பிப் பார்த்தோம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே குனிந்திருந்தது. கோட்டைத் தொட்டுத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தைக்கு எங்களைக் காட்டி, "அவங்க பண்றாங்க பாரு, அது மாதிரி பண்ணு" என்றாள்.

குணா தன் வெள்ளைக் கைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ ஊருக்குப் போ அக்கா" என்றான். "இத நான்தான் அழிக்கணும்."